பூட்டியின் பிஸ்கற் பேணியும் பேரனின் கருவியும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவிகளான சகோதரிகள் இருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அக்கா வாசிக்க, தங்கை பொருட்களைக் காட்டினார்.)



குடும்பமாகச் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். சமையல், வீட்டுத்தோட்டம், தையல் எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது மெற்றல் டிடெக்டர். சிரிக்க வேண்டாம். எழுபது தாண்டிய இரண்டு கிழவிகள், காதில் ஒலிவாங்கியும் கையில் தடியுமாக ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பின்னால் இங்கிலாந்து வயல்களில் நடந்திருக்கிறோம். கண்டுபிடித்தவற்றில் பெரும்பகுதி சோடாப் பேணி மூடிகள்தான். ஆனால் அதனால் நாங்கள் கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை. எங்கள் குடும்பத்தில் முப்பது வருடமாகப் பேசாமல் கிடந்த ஒரு விடயமும் அதனால்தான் பேச்சுக்கு வந்தது.

எங்களைப் பலருக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் புதுக்கடைப் பிள்ளைகள். கோட்டடிக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையிலிருந்து இருவரும் கை கோத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்து வருவோம். அப்பா ஒரு பிரக்கிராசியாரிடம் லிகிதராக இருந்தார். 1656 இல் கொழும்பை முற்றுகையிட்டபோது இறந்துபோன ஹுல்ப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியின் பெயரைத்தான் ஆங்கிலத்தில் அந்த மேட்டுக்கு வைத்திருக்கிறார்கள் என்பதை அப்பா சொல்லித்தான் அறிந்தோம். எங்களுக்கு அது என்றும் புதுக்கடைதான். கறுப்புக் கோட்டுக்காரர்களும் முத்திரைத்தாள் விற்பவர்களும் வழக்குக்கு வந்து மர நிழலில் காத்திருக்கும் சனமும் நிறைந்த இடம். "சட்டத்தைக் கேட்டுவிட்டுச் செய், செய்துவிட்டுக் கேட்டால் கோடேற வேண்டி வரும்" என்பது அப்பாவின் வாய்ப்பாடு. இன்றைய பேச்சில் பாதி அந்த ஒரு வாக்கியம்தான்.

அக்காவின் மகள் லண்டனில் இருக்கிறாள். அவளுடைய மகனுக்குப் பதினோராவது பிறந்தநாளுக்குத் தகப்பன் ஒரு கருவி வாங்கிக் கொடுத்தார். பிள்ளை கைத்தொலைபேசியை விட்டுத் தலை நிமிர்த்தட்டும் என்பது அவருடைய எண்ணம். பிள்ளை தலையை நிமிர்த்தவில்லை. நிலத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டான். ஆனால் குடும்பம் முழுவதையும் வெளியே இழுத்துவிட்டான்.

தங்கை இப்போது தூக்கிக் காட்டுவதுதான் அந்தக் கருவியின் படம். கீழே வட்டமான தட்டு. அதற்குள் செப்புக் கம்பிச் சுருள். நம் பௌதிகவியல் ஆசிரியை காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்துக் காட்டிய பரிசோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். பற்றறியிலிருந்து திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம் சுருளைச் சுற்றிக் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே உலோகம் கிடந்தால் அதற்குள் சுழிமின்னோட்டம் பிறக்கிறது. அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்ப, கருவி அதை உணர்ந்து ஒலி எழுப்புகிறது. இரும்புக்கு ஓர் ஒலி, செம்புக்கும் வெள்ளிக்கும் வேறொன்று. நாணயமளவு பொருளென்றால் சாதாரணக் கருவிக்கு ஒரு சாண் ஆழம் எட்டும். அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. தங்க மோதிரமும் பேணியை இழுத்துத் திறக்கும் அலுமினிய வளையமும் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தரும் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய பகிடி. வளையங்களுக்குச் சலித்துத் தோண்டாமல் விடுகிறவன் மோதிரத்தையும் விட்டுவிடுவான்.

இது நேற்று வந்த விளையாட்டுச் சாமான் அல்ல. 1881 இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். ஜனாதிபதி படுத்திருந்த மெத்தையின் உருக்குக் கம்பிகள் கருவியைக் குழப்பிவிட்டன. குண்டு அகப்படவில்லை, செப்ரெம்பரில் அவர் இறந்துபோனார். இரண்டாம் உலகப்போரில் போலந்துப் படையைச் சேர்ந்த யோசேஃப் கோசாட்ஸ்கி என்பவர் அமைத்த கண்ணிவெடி காணும் கருவி 1942 இல் எல் அலமெய்ன் போரில் பயன்பட்டது. ஆக இந்தக் கருவி பிறந்ததே உயிரோடு சம்பந்தப்பட்ட காரியங்களுக்காகத்தான். அதைப் பின்னால் நினைவூட்டுவோம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் இதைத் தொடங்க விரும்பினால் எங்கள் அனுபவத்தில் கண்ட ஒழுங்கு இதுதான்.

முதலில் கருவி வாங்காதீர்கள். முதலில் சட்டத்தைக் கேளுங்கள். நாட்டுக்கு நாடு அது மாறும். இங்கிலாந்திலும் வேல்சிலும் காணிச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் தேடக்கூடாது. பாதுகாக்கப்பட்ட பழைய இடங்களில் அனுமதி இல்லாமல் கருவியைப் பாவிப்பதே குற்றம். 1996 ஆம் ஆண்டின் திரவியச் சட்டத்தின்படி, முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள் போன்றவை அகப்பட்டால் பதினான்கு நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். புதையலுக்கும் மரண விசாரணைக்கும் என்ன தொடர்பென்று கேட்காதீர்கள். அந்த நாட்டுப் பழைய வழமை அது. பிரான்சில் 1989 ஆம் ஆண்டுச் சட்டம் பழம்பொருள் தேடக் கருவி பாவிப்பதற்கு அரச அனுமதி வேண்டும் என்கிறது. நோர்வேயில் 1537 க்கு முந்திய பொருட்களும் 1650 க்கு முந்திய நாணயங்களும் அரசுக்கு உரியவை. அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் தங்கம் தேடுவதென்றால் 'மைனர்ஸ் ரைற்' என்ற அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். மெல்பேர்ணில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் அதை எடுத்துக்கொண்டு கூடாரத்தோடு பழைய தங்க வயல்களுக்குப் போய் வருகிறார்கள். கனடாவின் ஒன்ராறியோவில் தொல்பொருள் தலங்களைக் கிளற அனுமதிப்பத்திரம் வேண்டும்; பூங்காக்களுக்கு அந்தந்த நகரசபையின் விதிகள் வேறு. உங்கள் ஊர் நூலகத்திலோ நகரசபையிலோ ஒரு மணித்தியாலம் செலவழித்தால் போதும்.

இரண்டாவது, வீட்டிலேயே பழகுங்கள். ஓர் ஆழமான மரத்தட்டில் மணல் பரப்பி அதற்குள் ஓர் ஆணி, ஒரு சதக் காசு, ஒரு மோதிரம், ஒரு பேணி வளையம், ஒரு வெள்ளிக் கரண்டி என்று புதையுங்கள். பிள்ளை ஒலியைக் கேட்டு இன்னதென்று சொல்ல வேண்டும். மழை நாளில் எங்கள் வீட்டில் பெரியவர்களும் போட்டி போட்டு விளையாடினார்கள். காது நன்றாகக் கேட்காத தங்கைதான் அதிகம் வென்றாள். அவள் ஒலியைக் கேட்காமல் பேரனின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

மூன்றாவது, நடை. தட்டை நிலத்துக்குச் சமாந்தரமாக, ஓர் அங்குல உயரத்தில், மெதுவாக இடமும் வலமும் வீச வேண்டும். ஒரு வீச்சு முந்திய வீச்சின் பாதியை மூட வேண்டும். முற்றம் கூட்டத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. விளக்குமாறு போகாத இடத்தில் குப்பை நிற்கும். தட்டுப் போகாத இடத்தில் பொருள் நிற்கும்.

நான்காவது, தோண்டிய குழியை மூடுங்கள். புல்லை மூன்று பக்கம் வெட்டி மூடிபோலத் திறந்து, மண்ணை ஒரு துணியில் போட்டு, பார்த்து முடிந்ததும் அப்படியே திருப்பி வைத்து மிதித்துவிட வேண்டும். நாளைக்கு அந்த இடத்தில் ஒருவர் இடறி விழக்கூடாது. அகப்பட்ட குப்பையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஐந்தாவது, எழுதுங்கள். எது, எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்த நாளில், யார் எடுத்தது. பேரனுக்கு முதலில் இது பிடிக்கவில்லை, வீட்டுப்பாடம்போல இருந்ததாம். பிறகு ஒரு நாள் அவன் எடுத்த ஒரு சின்ன வார்ப்பூட்டை அங்குள்ள தொல்பொருள் அலுவலரிடம் காட்டினோம். அவர் பொருளைப் பார்க்குமுன் கேட்ட கேள்வி, "எங்கே கிடந்தது?" பையன் கொப்பியைத் திறந்து காட்டினான். அந்த அலுவலர் அவனுக்குக் கை கொடுத்தார். 1997 இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பொதுமக்கள் கண்டெடுத்த 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதியப்பட்டிருக்கின்றன. அதில் ஒன்று எங்கள் பேரனுடையது.

ஆறாவது, வெடிபொருள் மாதிரி எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

பணம் வருமா என்று தேநீர் இடைவேளையில் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 2009 ஆடி மாதம் இங்கிலாந்தின் ஸ்ரபோட்ஷயரில் ரெறி ஹேர்பேட் என்பவருக்கு ஒரு வயலில் ஆங்கிலோ சாக்சன் காலத்துப் பொற்குவியல் அகப்பட்டது. அதன் பெறுமதி 32 இலட்சத்து 85 ஆயிரம் பவுண் என்று மதிப்பிடப்பட்டு, அவருக்கும் வயல் சொந்தக்காரருக்கும் பாதி பாதியாகப் போனது. அப்படி ஒருவருக்குக் கிடைத்ததை வைத்து நீங்கள் வேலையை விட்டுவிட வேண்டாம். எங்களுக்குக் கிடைத்த பெரிய சன்மானம் வேறு. சித்திரை வருடப்பிறப்பு விருந்து நடந்த ஒரு வீட்டின் பின்வளவில் ஓர் அன்ரியின் கலியாண மோதிரம் கழன்று விழுந்துவிட்டது. மூன்று நாள் தேடியும் அகப்படவில்லை. எங்கள் பையன் போய் நாற்பது நிமிடத்தில், ரோசாச் செடியடியில் எடுத்துக் கொடுத்தான். அவர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். காரில் திரும்பி வரும்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"அம்மம்மா, பூட்டியின்ர பேணியையும் நான் எடுத்துத் தரட்டா?"

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1983 க்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் புதுக்கடை வீட்டை விட்டு, வலிகாமம் வடக்கில் இருந்த அப்பாவின் ஊருக்குப் போனார்கள். 1990 ஆனியில் மீண்டும் யுத்தம் தொடங்கி, அந்த ஊர்ச் சனம் இடம்பெயர்ந்தது. இரண்டொரு நாளில் திரும்பலாம் என்றுதான் எல்லோரும் போல அவர்களும் நினைத்தார்கள். வழியில் பறிபோய்விடும் என்ற பயத்தில் அம்மா ஒரு பிஸ்கற் பேணியைக் கிணற்றடியில் புதைத்துவிட்டு வந்தா. அதற்குள் ஒரு சோடிக் காப்பு, தன் தாயார் கொடுத்த அட்டியல், இன்னும் ஒன்று: இந்தக் கல்லூரியில் பரிசளிப்பு விழாவில் அக்காவுக்குக் கிடைத்த வெள்ளிப் பதக்கம். "கிணற்றுக் கட்டிலிருந்து பூவரசைப் பார்த்து எட்டடி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பா. கடைசிக் காலத்தில் எங்கள் பெயர்கள் மறந்தபோதும் அந்த எட்டடி மறக்கவில்லை. அந்த ஊருக்குத் திரும்பாமலே கண்ணை மூடினா. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எத்தனை பேருடைய வீட்டில் இப்படி ஒரு பேணி, ஒரு போத்தல், ஒரு செப்புக் குடம் எங்கோ மண்ணுக்குள் கிடக்கிறது என்று கேட்டால் கைகள் உயரும் என்று தெரியும். அதனால்தான் இந்தப் பகுதியைக் கவனமாகச் சொல்கிறோம்.

யுத்தம் முடிந்து பல வருடங்களின் பின் எங்கள் காணி விடுபட்டது. 2023 ஆடி விடுமுறைக்குப் பையன் கருவியோடு வருவதாகத் திட்டம். அப்பாவின் வாய்ப்பாடு ஞாபகம் வந்தது. புதுக்கடையில் சட்டத்தரணியாக இருக்கும் எங்கள் தம்பியின் மகளிடம் போனோம். அவள் தன் கோப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு எங்களை இருத்திச் சொன்னாள்.

"மாமி, முதல்ல அந்த மெசினைக் கொண்டு வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. புதையல் தோண்டினதெண்டு மெசினோட பிடிபட்ட ஆக்களின்ர வழக்கு நாடு முழுக்க நடக்குது. நீங்கள் தேடுறது அம்மாவின்ர காப்பெண்டு றோட்டில நிண்டு பார்க்கிறவனுக்குத் தெரியுமே?"

பிறகு சட்டத்தை விளக்கினாள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தில் ஒரு திகதி இருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி உடன்படிக்கை கையெழுத்தான நாள். அதற்கு முந்திய பொருளென்று கருதத்தக்க எதையும் தேடி அகழ்வதற்கு, அது உங்கள் சொந்தக் காணியானாலும், தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். காணிக்குச் சொந்தக்காரர் என்பதனால் அதற்குள் கிடக்கும் தொல்பொருள் உங்களுடையது ஆகாது. கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் போடும்போதோ தற்செயலாக அகப்பட்டால் உடனே அறிவிக்க வேண்டும். 1990 இல் புதைத்த காப்பு தொல்பொருள் அல்ல. ஆனால் அதைத் தேடும்போது ஒரு சேதுக் காசு வந்தால்? இடப முத்திரையோடு 'சேது' என்று தமிழில் பொறித்து யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசு அது. அது தொல்பொருள்தான். ஒல்லாந்தர் காலத்துச் சல்லியும் அப்படியே.

நாங்கள் இருவரும் இதைக் கேட்டுச் சற்றுச் சோர்ந்துபோனோம். ஆனால் இந்தச் சட்டம் வீம்புக்கு எழுதியதல்ல. 1980 களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது ஒரு சிறிய முத்திரை அகப்பட்டது. ஒரு வரியில் குறியீடுகள், மறு வரியில் பிராமி எழுத்து. அது ஓர் ஈமத்தலத்தில் எலும்புக்கூட்டின் அருகே, அளந்து வரைந்து எடுக்கப்பட்டதால்தான் இன்று எங்கள் வரலாற்றைப் பற்றி அதனால் சாட்சி சொல்ல முடிகிறது. அதை ஒருவர் இரவோடிரவாகத் தோண்டிச் சட்டைப்பையில் போட்டிருந்தால், அது யாரோ ஒருவருடைய மேசையில் கிடக்கும் ஒரு சின்னச் சாமான். இழந்தது எது என்றுகூட எங்களுக்குத் தெரிந்திராது.

அடுத்தது இன்னும் பெரிய காரணம். வடக்கிலும் கிழக்கிலும் மண்ணுக்குள் கிடப்பது காப்பு மட்டுமல்ல. 2002 தொடக்கம் ஹலோ டிரஸ்ற், மாக் போன்ற நிறுவனங்களும், பிறகு டாஷ், ஷார்ப் போன்ற உள்ளூர் அமைப்புகளும், இராணுவத்தின் பிரிவினரும் கண்ணிவெடி அகற்றி வருகிறார்கள். இலங்கை 2017 மார்கழியில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலையில் முழங்காலில் இருந்து அந்த வேலையைச் செய்பவர்களில் பலர் பெண்கள். கணவனை யுத்தத்தில் இழந்து பிள்ளைகளைப் படிப்பிப்பவர்கள். நாங்கள் பொழுதுபோக்கென்று காதில் மாட்டும் அதே ஒலிவாங்கியை அவர்கள் சம்பளத்துக்கு மாட்டுகிறார்கள். அங்கே ஒரு ஒலியைப் பிழையாகக் கேட்டால் குப்பை மூடி கிடைக்காது.

ஆகவே கருவி லண்டனிலேயே நின்றது. பையன் இரண்டு நாள் எங்களோடு தொலைபேசியில் கதைக்கவில்லை. பிறகு வந்தான்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். கிராம அலுவலரிடம் போய், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறதா என்று உறுதி செய்தோம். என்ன தேடுகிறோம் என்று அவருக்கும் பொலிசுக்கும் எழுத்தில் கொடுத்தோம். பகலில், அயலவர் பார்க்க, அவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு போனோம். அயலில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்யும் ஒரு பிள்ளை தன் லீவு நாளில் வந்து நின்றாள். பையன் அவளிடம் கருவியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டான். இடிந்த வீட்டு வளவில் ஆணியும் தகரமும் செல் துண்டும் கலந்து கிடப்பதால் கருவி ஓயாமல் கத்தும் என்றும், அப்படியான இடங்களில் தாங்கள் வாரியால் மண்ணை அங்குலம் அங்குலமாக வாரி எடுப்பதாகவும் அவள் சொன்னாள். "மெசின் இருந்தாலும் கண்ணுந்தான் கடைசியாப் பார்க்க வேணும் தம்பி" என்றாள்.

வீடு இல்லை. பூவரசும் இல்லை. கிணற்றுக் கட்டில் பாதி இருந்தது. மரம் எந்தப் பக்கம் நின்றதென்று எங்கள் இருவருக்கும் இடையிலேயே தர்க்கம் வந்தது. அக்கா கிழக்கென்றாள், தங்கை வடகிழக்கென்றாள். பக்கத்து வளவுக் கிழவர் ஒருவர் வந்து, வேலி ஓடிய கோட்டைக் காட்டி எங்கள் இருவரையும் பிழையென்று தீர்த்து வைத்தார். எட்டடி அளந்தோம். அம்மாவின் அடியா, அடிக்கோலின் அடியா என்று பையன் கேட்டான். அந்தக் கேள்வியை அம்மா உயிரோடு இருந்தபோது எங்களில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கையால் மண்ணெடுத்தோம். பேணி அகப்படவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் முழங்கை ஆழத்தில் ஒரு பாக்குவெட்டி வந்தது. தங்கை அதை இப்போது காட்டுகிறாள். பின்வரிசையில் இருப்பவர்கள் பிறகு வந்து பாருங்கள். கறல் பிடித்து இரு அலகும் ஒன்றாக ஒட்டிப்போயிருக்கிறது. பிடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. அம்மா இடக்கைக்காரி. நாங்கள் வேறு சாட்சி கேட்கவில்லை.

பையன் குழியை மூடி மிதித்தான். பிறகு கொப்பியில் எழுதினான்: பாக்குவெட்டி, கிணற்றுக் கட்டிலிருந்து எவ்வளவு தூரம், என்ன ஆழம், என்ன நாள். அதற்குக் கீழே, 'பேணி: காணவில்லை' என்று எழுதி, நாங்கள் மண்ணெடுத்த இடத்தைக் கோடு போட்டு வரைந்தான். இனிமேல் யாராவது தேடினால் எங்கே தேடத் தேவையில்லை என்று தெரியட்டுமாம். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் நாங்கள் இருவரும் அழுதோம்.

கொழும்பிலே இருக்கும் குடும்பங்கள் கருவி இல்லாமல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நிறையச் செய்யலாம். இந்த நாட்டின் பெரிய கண்டெடுப்புகள் சில கண்ணால் நடந்தவை. 1911 இல் காலியில் தொம்லின் என்ற பொறியியலாளர், மதகொன்றை மூடிக் கிடந்த ஒரு கல்லில் எழுத்திருப்பதைக் கண்டார். அதுதான் சீனத் தளபதி செங் ஹேயின் பெயரோடு தமிழ், சீனம், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுதிய கல்வெட்டு. இன்று அது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அதற்கு மேலால் எத்தனை பேர் நடந்திருப்பார்கள்! 1961 இல் கிரிந்தைக்கு அப்பால் பெரிய பாசஸ் பாறைத்தொடரில் மைக் வில்சனோடு சுழியோடிய இரண்டு பதின்ம வயதுச் சிறுவர்களின் கண்ணிலும் படத்தான் ஒளரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி ரூபாய்கள் வெளியே வந்தன. ஆதர் சி. கிளார்க் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

ஆகவே பிள்ளைகளை நூதனசாலைக்குக் கூட்டிப்போங்கள். கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் நூதனசாலைக்குக் கூட்டிப்போங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, குசினி லாச்சியையும் சாமியறைத் தட்டையும் பாட்டியின் றங்குப் பெட்டியையும் 'அகழுங்கள்'. சதுரமான ஐந்து சதமும் பூவிளிம்பு வைத்த இரண்டு சதமும் எங்கள் எல்லோருடைய வீட்டிலும் இருக்கும். அவை 1815 க்குப் பிந்தியவை; சட்டத்துக்குப் பயமில்லாமல் சேர்க்கலாம். ஒவ்வொன்றையும் ஒரு கடித உறையில் போட்டு, யாருடையது, எப்படி வந்தது, அதைப் பற்றி வீட்டில் என்ன கதை என்று பிள்ளையைக் கொண்டே எழுதுவியுங்கள். காசைக் கழுவ வேண்டாம், மினுக்க வேண்டாம். அதோடு அதன் வயதும் போய்விடும்.

வெள்ளவத்தையில் கடற்கரையோரம் நடக்கும் சகோதரிகள் கருவியைத் தேட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவர நினைத்தால், விமானம் ஏறுமுன் சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேளுங்கள். வடக்கிலோ கிழக்கிலோ உங்கள் வளவில் பேணி இருந்தால், எங்கள் ஒழுங்கில் போங்கள்: முதலில் சட்டத்தரணி, பிறகு கிராம அலுவலர், பிறகு கண்ணிவெடி அகற்றிய உறுதி, அதன் பிறகுதான் மண்வெட்டி.

எல்லாவற்றுக்கும் முதல், இன்றிரவே ஒரு காரியம். உங்கள் வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் போய் இருந்து, எது எங்கே இருக்கிறது, எத்தனை அடி, யாருடைய அடி என்று கேட்டு எழுதுங்கள். எங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறோம். அந்த வெள்ளிப் பதக்கம் எப்படி இருந்ததென்று எங்கள் இருவருக்கும் ஒத்த ஞாபகம் இல்லை. ஒரு பக்கம் கல்லூரிச் சின்னம் என்பதில் உடன்பாடு. மறு பக்கத்தில் விளக்கா, புத்தகமா என்பதில் இன்றும் தர்க்கம். 1960 களில் பரிசு பெற்ற சகோதரிகளில் யாரிடமாவது அந்தப் பதக்கம் இருந்தால், இரு பக்கமும் படம் பிடித்துச் செயலாளருக்கு அனுப்புங்கள். எந்த ஆண்டு, எதற்காகக் கிடைத்தது, யார் தந்தார்கள், அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று கூடவே எழுதுங்கள். சங்கத்தின் அலுமாரியில் அதற்கு ஒரு கொப்பி வைப்போம். லண்டனில் ஒருவன் அந்தப் படத்துக்காகக் காத்திருக்கிறான். தன் கொப்பியில் அதற்கென்று பாதிப் பக்கம் விட்டு வைத்திருக்கிறான்.